மெழுகுத் தட்டில் இசை பிடித்தவர்

1902 ஆம் ஆண்டிலே வன்னிப் பெருநிலத்துக்கு ஒரு புதிய ஓசை வந்துகொண்டிருந்தது. காட்டை வெட்டி, மேடு பள்ளங்களை நிரவி, வடக்கே யாழ்ப்பாணம் நோக்கிப் புகையிரதப் பாதை அமைத்துவந்த காலம் அது. வவுனியாவையும் மாங்குளத்தையும் கிளிநொச்சியையும் ஊடறுத்துச் செல்லும் அப்பாதை, 1905 ஆம் ஆண்டிலே கொழும்பையும் யாழ்ப்பாணத்தையும் முழுமையாக இணைத்தது. தேனீயின் ரீங்காரமும் யானையின் பிளிறலும் கேட்டுப் பழகிய காட்டிலே நீராவியின் கூவல் கேட்டது.

அதே 1902 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாத இறுதியில், இங்கிலாந்திலிருந்து ‘கோரமண்டல்’ என்னும் கப்பல் கீழைத் தேசம் நோக்கிப் புறப்பட்டது. நம் சோழமண்டலக் கரையின் பெயர்தான் மேனாட்டார் நாவிலே திரிந்து கோரமண்டல் ஆயிற்று. அக்கப்பலிலே இருபத்தொன்பது வயதுடைய ஓர் அமெரிக்க இளைஞர் இருந்தார். அவருடைய பெட்டிகளிலே கனத்த மெழுகுத் தட்டுகளும், தகரக் கொம்புகளும், பாரக்கல் கட்டிச் சுழலவிடும் ஒரு பொறியும் இருந்தன. வணிகத்துக்குப் பட்டோ தேயிலையோ தேடி வந்தவரல்லர் அவர். இந்தியாவின் பாடகர்களுடைய குரலைத் தட்டிலே பதிந்து எடுத்துச் செல்ல வந்தவர். பிரெட் கைஸ்பேர்க் என்பது அவர் பெயர். கிராமபோன் தட்டுகளைக் கேட்டு வளர்ந்த நம் பாட்டன் பாட்டிமார்க்கு இவர் பெயர் தெரிந்திருக்க நியாயமில்லை. தட்டின் மீது பாடகர் பெயர் இருக்கும். பாட்டின் பெயர் இருக்கும். கொம்பனியின் முத்திரை இருக்கும். பாட்டைப் பிடித்தவன் பெயரை யார் அச்சிட்டார்கள்? அப்படிப் பெயர் மறைந்து நின்ற இந்த இசைவாணரின் வரலாற்றையே இன்று காணப்போகிறோம்.

கைஸ்பேர்க் 1873 ஆம் ஆண்டு ஜனவரி மாதம் முதலாந் திகதி அமெரிக்கத் தலைநகராகிய வாஷிங்டனிலே பிறந்தார். ஜெர்மன் வழிவந்த குடும்பம். தேவாலயப் பாடற்குழுவிலே பாடியும், பியானோ வாசித்தும் சிறுவயதிலேயே இசையிற் பழகினார். பிள்ளைக்குக் கை நன்றாக ஓடியது. சுரக்குறிப்பைக் கண்டவுடன் வாசிக்கும் ஆற்றலும் இருந்தது. பிறர் பாட, அவர்தம் மூச்சறிந்து பின்தொடர்ந்து வாசிக்கும் பக்கவாத்தியக்காரராகவே அவர் வளர்ந்தார். பக்கவாத்தியக்காரனுக்கு ஒரு தனிப் பண்பு உண்டு என்பதை நம் நாட்டு மிருதங்க வித்துவான்களையும் வயலின் வித்துவான்களையும் அறிந்தோர் ஒப்புக்கொள்வர். பாடகன் அடுத்துச் செய்யப்போவதை அவன் செய்யுமுன்னே அறிந்திருக்க வேண்டும். இந்தப் பண்பே பின்னாளில் கைஸ்பேர்க்குக்குப் பெருந் துணையாயிற்று.

எடிசன் 1877 இலே போனோகிராப் என்னும் பேசும் பொறியைக் கண்டார். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் அது சந்தைக்கு வந்து, உருளை வடிவான மெழுகிலே பாட்டுகளைப் பதிந்து விற்கும் கொம்பனிகள் தோன்றின. பள்ளி மாணவராயிருந்த கைஸ்பேர்க், 1889 அளவில், வாஷிங்டனில் அத்தகைய ஒரு கொம்பனிக்குப் பியானோ வாசிக்கச் சென்றார். அக்காலத்திலே ஓர் உருளையிலிருந்து எண்ணிறந்த பிரதிகள் எடுக்க வழியில்லை. ஆகவே பாடகன் ஒரே பாட்டை நாள் முழுவதும் திரும்பத் திரும்பப் பாடவேண்டும். அவன் முன்னே சில பொறிகளை வரிசையாக வைத்து, ஒரு முறை பாடினாற் சில உருளைகள் கிடைக்கும்படி செய்வார்கள். நூறு பிரதி வேண்டுமாயின் எத்தனை முறை பாடவேண்டுமென்று கணக்கிட்டுப் பாருங்கள்! பியானோ வாசிப்பவனுக்கும் அதே பாடு. இசையைத் தொழிற்சாலையிலே உழைப்பது போல உழைத்துப் பழகியது அவருக்கு அங்கேதான்.

1890களின் முற்பகுதியிலே எமில் பேர்லினர் என்னும் ஜெர்மன் அமெரிக்கரை அவர் சந்தித்தார். உருளைக்குப் பதிலாகத் தட்டையான வட்டிலே ஒலியைப் பதியும் முறையை 1887 இலே பதிவு செய்தவர் பேர்லினர். கிராமபோன் என்ற பெயரை இட்டவரும் அவரே. அந்த முதற் சந்திப்பைக் கைஸ்பேர்க் தம் முதுமையில் எழுதிய நினைவு நூலிலே சுவைபடச் சொல்கிறார். பில்லி கோல்டன் என்னும் பாடகனோடு பேர்லினரின் ஆய்வுக்கூடத்துக்குப் போனாராம். பேர்லினர் பாடகன் வாயிலே முகக்கூடு போன்ற ஒன்றைப் பொருத்தினார். அதிலிருந்து ஓர் இறப்பர்க் குழாய் அதிரும் தகட்டுக்குச் சென்றது. பியானோவின் ஒலிப்பலகையையும் பெட்டியிட்டு மூடி, அதிலிருந்து யானைத் துதிக்கை போன்ற மற்றொரு குழாயை இணைத்தார். ஆயத்தமா என்று கேட்டுவிட்டுக் கையாற் பொறியைச் சுழற்றத் தொடங்கினார். பாட்டு முடிந்தது. மெல்லிய மெழுகுப் படலம் பூசிய துத்தநாகத் தட்டை அமிலத்திலே இட்டு எடுத்ததும், ஊசி கீறிய வரிகள் உலோகத்திலே பள்ளமாய் விழுந்திருந்தன. தட்டைப் பொறியிலேற்றிச் சுழற்றக் கோல்டனின் குரல் கேட்டது. மெழுகுருளைகளின் கீச்சுக்குரலைக் கேட்டுச் சலித்திருந்த கைஸ்பேர்க்குக்கு அந்த ஓசையின் செழுமை பெரும் வியப்பைத் தந்தது. இந்தத் தட்டுதான் வெல்லும் என்று அவர் அன்றே தீர்மானித்துவிட்டதாகத் தோன்றுகிறது. சில ஆண்டுகளுள் பேர்லினரிடமே வேலைக்கு அமர்ந்தார்.

அங்கே அவருடைய வேலை இன்னதென்று ஒரு சொல்லாற் சொல்ல முடியாது. காலையிலே பாடகர்களைத் தேடித் தெருவிலே அலைவார். நண்பகலில் அவர்களைக் கொம்பின் முன் நிறுத்திப் பியானோ வாசிப்பார். மாலையிலே தட்டை அமிலத்திலிட்டு எடுப்பார். இன்று ஒலிப்பதிவுப் பொறியியலாளர், இசைத்தட்டுத் தயாரிப்பாளர் என்று வெவ்வேறு பதவிகளாகப் பிரிந்திருப்பவையெல்லாம் அன்று ஓர் இளைஞரின் இரண்டு கைகளிலே கிடந்தன. 1897 இலே பிலடெல்பியா நகரிலே பேர்லினருக்காக ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தை அவர் அமைத்தார். கையாற் சுழற்றும் பொறியிலே வேகம் ஒரு நிலையில் நில்லாது. பாட்டு ஏறியும் இறங்கியும் ஒலிக்கும். அக்குறையைத் தீர்க்கச் சுருள்வில்லால் இயங்கும் பொறியைச் செய்து தந்தவர், நியூ ஜெர்சி மாநிலத்துக் கம்டன் நகரிலே பட்டறை வைத்திருந்த எல்ட்ரிட்ஜ் ஜோன்சன். சாவி கொடுத்தால் தானாகச் சுழலும் நம் வீட்டு கிராமபோன் பெட்டி அந்தப் பட்டறையின் வழித்தோன்றலாகும்.

1898 இலே கைஸ்பேர்க் இலண்டனுக்குக் கப்பலேறினார். அங்கே புதிதாகத் தோன்றிய கிராமபோன் கொம்பனிக்கு ஒலிப்பதிவுக் கூடம் அமைப்பது அவர் பணி. ஒலிப்பதிவுச் சாமான்களோடு ஒரு சைக்கிளையும், விலாசங்களும் அறிவுரைகளும் நிரம்பிய ஒரு குறிப்புப் புத்தகத்தையும் கொண்டுபோனதாக அவரே எழுதுகிறார். மெயிடன் ஒழுங்கையிலே ஒரு கட்டடத்தின் கீழறையிற் கூடம் அமைந்தது. ஐரோப்பாவின் முதலாவது தட்டு ஒலிப்பதிவுக் கூடம் அது. முதலிற் பாடியவர்களுள் ஒருத்தி சிரியா லமொன்ற் என்னும் பெண். அயலிலிருந்த உணவுச் சாலையிலே வேலை செய்தவள் என்பர். பெரிய பாடகர்கள் அப்போது அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. விளையாட்டுப் பொம்மைக்குள் தங்கள் குரலை ஏன் அடைக்கவேண்டுமென்று கேட்டார்கள்.

அக்கால ஒலிப்பதிவு எவ்வாறு நடந்தது என்பதைச் சிறிது விளக்க வேண்டும். மின்சாரம் இல்லை, ஒலிவாங்கி இல்லை. சுவரிலே ஒரு துவாரம். அதன் வழியே தகரக் கொம்பு ஒன்று பாடகனை நோக்கி நீண்டிருக்கும். கொம்பின் மறுமுனையிலே மெல்லிய தகடு, தகட்டிலே ஊசி, ஊசியின் கீழே சுழலும் மெழுகுத் தட்டு. பாடகனுடைய மூச்சின் வலிமையே ஊசியை அசைத்து வரி கீறவேண்டும். குரல் ஓங்கும்போது ஊசி துள்ளி வரியை உடைத்துவிடும். தாழும்போது ஊசி அசையவே அசையாது. ஆகவே உச்சத்திலே பாடகனைப் பின்னே இழுத்தும், மெல்லிய இடத்தில் முன்னே தள்ளியும் ஒருவர் நிற்கவேண்டும். கைஸ்பேர்க் பாடகரின் கையைப் பிடித்துக்கொண்டு அவ்வாறே செய்தார். எந்த இடத்தில் எந்தச் சுரம் ஓங்கப்போகிறதென்று பாட்டை அறிந்தவனுக்கன்றோ தெரியும்? வெறும் பொறிக்காரன் இழுத்திருந்தால் ஒரு கணம் பிந்தியிருப்பான்; மெழுகு கெட்டுப்போயிருக்கும். இசைவாணர் ஒருவர் ஒலிப்பதிவாளரானதன் பயன் இங்கேதான் விளங்குகிறது.

வாத்தியங்களின் பாடு இன்னும் இரங்கத்தக்கது. பியானோவின் பின்பலகையைக் கழற்றிவிட்டு மேடைமீது ஏற்றி வைப்பார்கள். வயலினின் மெல்லோசை கொம்புக்கு எட்டாது. அதற்கென்று மரவுடலை நீக்கித் தகரக் கொம்பு பொருத்திய விசித்திர வயலின் ஒன்றை ஸ்ட்ரோ என்பவர் செய்தார். மத்தளத்தின் தொப்பி ஓசை போன்ற அடித்தொனிகள் பெரும்பாலும் மறைந்தே போகும். சுருதிக்கு நிற்கும் தம்புராவோ, இருந்தும் இல்லாத மாதிரி.

இத்தனை குறையுடைய கருவியைக் கொண்டே கைஸ்பேர்க் 1902 ஏப்ரலிலே மிலான் நகரில் ஒரு பெருஞ் செயல் செய்தார். ஸ்காலா அரங்கிலே என்ரிக்கோ கரூஸோ என்னும் இளம் பாடகர் பாடக் கேட்டு, உடனே அவரைப் பதியவேண்டுமென்று விரும்பினார். பத்துப் பாட்டுக்கு நூறு பவுண் வேண்டுமென்றார் கரூஸோ. ஒரே பிற்பகலில் எல்லாவற்றையும் பாடி முடிக்கவேண்டும் என்பது நிபந்தனை. இலண்டனுக்குத் தந்தி போயிற்று. தொகை மிகையானது, பதியவேண்டாம் என்று மறுதந்தி வந்ததாகவும், அதைப் பொருட்படுத்தாமல் தாம் பதிந்ததாகவும் கைஸ்பேர்க் எழுதுகிறார். அந்தத் தந்தியைப் பற்றி ஆராய்ச்சியாளர் சிலர் ஐயுறுவதுண்டு. முதுமையில் எழுதும் நினைவு நூல்களிலே தந்திகள் சற்றுச் சூடேறுவது இயல்பே. ஏப்ரல் 11 ஆந் திகதி, விடுதி அறையொன்றிலே, கரூஸோ பத்துப் பாட்டுகளையும் பாடினார் என்பதில் ஐயமில்லை. ஓராண்டுக்கு முன்னே இசைமேதை வெர்டி உயிர்நீத்த அதே விடுதி அது. அந்தத் தட்டுகள் வெளிவந்த பின் கிராமபோனைப் பொம்மையென்று இகழ்ந்த பாடகர் வாயடைத்தனர்.

அவ்வெற்றியின் சூட்டோடேதான் ‘கோரமண்டல்’ கப்பல் புறப்பட்டது. கொம்பனிக்குக் கல்கத்தாவிலே ஏற்கெனவே ஒரு கிளை இருந்தது. மேனாட்டுப் பாட்டுத் தட்டுகளை இந்தியர் எத்தனை நாளைக்கு வாங்குவர்? அவரவர் மொழியிலே, அவரவர் இசையிலே தட்டுச் செய்தாற்றான் பெட்டி விற்கும். வணிகக் கணக்கு அதுதான். வேறு உயர்ந்த நோக்கமெதுவும் அதிலில்லை. 1902 நவம்பர் 8 ஆந் திகதி கல்கத்தாவில் ஒலிப்பதிவு தொடங்கியது. முதலிற் பாடியவர்கள் நாடக அரங்கைச் சேர்ந்த சசிமுகி, பணிபாலா என்னும் இரு இளம்பெண்கள். மூன்று நாளைக்குப் பின் கோஹர் ஜான் வந்தார்.

கோஹர் ஜான் ஆர்மீனியக் குருதி கலந்தவர். பிறந்தபோது ஏஞ்சலினா யோவார்ட் என்று பெயரிடப்பட்டவர். வட இந்தியாவின் புகழ் பெற்ற பாடகி. ஒவ்வொரு நாளும் புதிய உடையோடு வந்தாரென்றும், அணிந்த நகையை மறுமுறை அணிந்ததில்லையென்றும் கைஸ்பேர்க் வியக்கிறார். தம் குரலின் விலையையும் அவர் நன்கு அறிந்திருந்தாராம். மூன்று நிமிடத்துக்குள் ஓர் இராகத்தைத் தொட்டு விரித்து முடித்து, கடைசியிலே ஆங்கிலத்தில் ‘என் பெயர் கோஹர் ஜான்’ என்று அறிவிப்பார். அது செருக்கு அன்று. மெழுகுத் தட்டுகள் கப்பலேறி ஜெர்மனியின் ஹனோவர் நகருக்குப் போய், அங்கேதான் அரக்குத் தட்டுகளாக அச்சிடப்பட்டன. அங்குள்ள தொழிலாளருக்கு இந்தியக் குரல்களை இனங்காணத் தெரியாது. பாடியவர் யாரென்று தட்டே சொல்லவேண்டியிருந்தது. இந்தியாவிலேயே தட்டு அச்சிடும் ஆலை 1908 இலேதான் கல்கத்தாவிலே தோன்றியது. இன்னொரு சிறு செய்தி: கைஸ்பேர்க், கோஹர் ஜான், கரூஸோ, பின்னாளில் அவர் பதிந்த ருசியப் பாடகர் சாலியாப்பின், ஆகிய நால்வரும் 1873 ஆம் ஆண்டிலே பிறந்தவர்கள். இதன் காரணத்தைச் சோதிடர்க்கு விட்டுவிடுவோம்.

நேயர்களே, இந்த இடத்திலேதான் கைஸ்பேர்க்கின் வாழ்க்கை நமக்கு உண்மையிற் பொருளுடையதாகிறது. ஐரோப்பாவிலே அவர் பாடகனின் கையைப் பிடித்து இழுத்தாரல்லவா? கல்கத்தாவிலே அது பலிக்கவில்லை. அடுத்த சுரம் எதுவென்று அவருக்கே தெரியாது. கமகம் எங்கே ஏறும், தாளம் எங்கே விழும் என்பதை அறியாது செவி திகைத்தது. தம் இசைப் பயிற்சியின் அத்திவாரமே ஆட்டங்கண்டதாகவும், ஐரோப்பிய அரங்குகளிற் கேட்ட இசையின் நினைவையெல்லாம் அழித்துவிடவேண்டியிருந்ததாகவும் அவர் எழுதுகிறார். இவ்வளவு வெளிப்படையாகச் சொன்னமை அவருக்குப் பெருமையே. எனினும் அதே மனிதர், 1903 இலே தோக்கியோவிற் பதிந்துவிட்டுச் சீனத்து ஷாங்காய் நகருக்குச் சென்றபோது, அங்கே கேட்ட பாட்டுகளில் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் வேறுபாடே தமக்குத் தோன்றவில்லையென்று குறித்தார். தாளக் கருவிகளின் முழக்கத்தில் தலை கலங்கியதாம். வேறுபாடு பாட்டில் இல்லாமற் போகவில்லை. அவர் செவிக்கு எட்டவில்லை, அவ்வளவே. தோக்கியோவிலே அவருக்கு வழிகாட்டியவர், அவுஸ்திரேலியாவிற் பிறந்து ஜப்பானியக் கதை சொல்லும் கலையிலே தேர்ந்த ஹென்றி பிளாக் என்பவர். அத்தகைய வழிகாட்டி கிடைத்த இடத்திலே அரச சபை இசை வரைக்கும் பதிவாயிற்று. கிடைக்காத இடத்திலே சந்தையில் விற்பது பதிவாயிற்று.

சிங்கப்பூர், பாங்கொக், இரங்கூன் ஆகிய ஊர்களையும் சுற்றி 1903 இலே அவர் திரும்பினார். அவர் போட்ட தடத்திலே மற்ற ஒலிப்பதிவாளர் தொடர்ந்தனர், சென்னைக்கும் வந்தனர். அந்த முதற் பத்தாண்டிலே சேலம் கோதாவரி, காஞ்சிபுரம் தனகோடி அம்மாள் போன்றோரின் குரல்கள் தட்டேறின. கோயம்புத்தூர்த் தாயியின் பாட்டைக் கேட்டு மயங்கிய பிரெஞ்சு இசைவாணர் மொரிஸ் டெலாஜ் அதைத் தம் இசையிலேயே எடுத்தாண்டார். இராகம் தானம் பல்லவியென்று இரவெல்லாம் விரிந்த இசை, இங்கே மூன்று நிமிடத்துக்குச் சுருங்கவேண்டியதாயிற்று. மின்வெட்டுப் போல் ஓர் ஆலாபனை; பல்லவி, அனுபல்லவி, சரணம்; நேரமிருந்தாற் சிறிது சுரம். சிலர் இதை இசைக்கு நேர்ந்த கேடு என்பர். அவ்வளவு கடுமையாகச் சொல்ல என் மனம் துணியவில்லை. மூன்று நிமிடத்துக்குள் ஒரு தோடியின் முகத்தைக் காட்டிவிடுவதும் வித்தைதான். திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையின் நாதசுரத் தட்டுகளைக் கேட்டவர் இதை மறுக்கமாட்டார்.

தட்டுகள் புகையிரதத்திலேறி வடக்கே வந்தன. மாங்குளத்திலே இறங்கிய பொருள்கள் ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவுக்குப் போகும் தெருவையும் நாம் அறிவோம். கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் தியாகராஜ பாகவதரும் தமிழகத்திலே பாடியது, ஈழத்துக் கலியாணப் பந்தலிலும் கோயில் வீதியிலும் ஒலித்தது. நாய் கொம்பைப் பார்த்திருக்கும் படத்தைக் கண்டால் எழுதப் படிக்கத் தெரியாதவரும் தட்டை இனங்கண்டனர். வானொலிக்கும் தட்டே தாய். 1920களின் முற்பகுதியிலே எட்வேட் ஹாப்பர் கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்திலிருந்து நடத்திய பரிசோதனை ஒலிபரப்பிலே சென்றது கிராமபோன் இசைதான். 1925 டிசெம்பர் 16 இலே முறையான ஒலிபரப்பு தொடங்கியது.

வந்த வழியைப் பார்த்தோம். போன வழி உண்டா என்று கேட்கலாம். வன்னியின் பாட்டு கொம்புக்குள்ளே போயிற்றா? வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கலை ஒட்டி ஓதப்படும் கண்ணகி கதை, முள்ளியவளைப் பக்கத்திலே விடிய விடிய ஆடிய கோவலன் கூத்து, அருவி வெட்டும்போது பாடும் பாட்டு, பன்றியும் குருவியும் பயிரை அழிக்காதபடி காவற் பரணிலிருந்து பாடிய பள்ளு, இவையெல்லாம் பெருநகர விடுதி அறைக்குள் அடங்குபவை அல்ல. கிராமபோன் கொம்பனிகளின் ஆட்கள் பெருநகரங்களிலே அறை பிடித்தார்கள். முகவர் கொண்டுவந்த பாடகரைப் பதிந்தார்கள். விற்கக்கூடியது இது, விற்காதது இது என்று முகவரே தீர்மானித்தார். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. மூன்று நிமிடக் கருவியோடு முழு இரவுக் கூத்தின் முன்னே நின்றால் யார்தான் என்ன செய்வார்? ஆனால் தட்டு உள்ள பாட்டு பாட்டென்றும், தட்டில்லாத பாட்டு பாட்டே அல்லவென்றும் நம்மவரே நினைக்கத் தலைப்பட்டதை மட்டும் மறக்கக்கூடாது. நாட்டார் பாடல்கள் சில பின்னாளில் நூலாக அச்சேறின. சொல் கிடைத்தது; அதைப் பாடிய கிழவியின் குரல் கிடைக்கவில்லை.

மீண்டும் கைஸ்பேர்க்கிடம் வருவோம். 1905 டிசெம்பரிலே வேல்ஸ் நாட்டு மாளிகையொன்றில் அறுபத்திரண்டு வயதுடைய அடெலினா பற்றி அம்மையாரின் குரலை அவரும் தம்பி வில்லும் பதிந்தனர். அரை நூற்றாண்டு உலகம் போற்றிய அக்குரலை அம்மையார் தாமே வெளியிலிருந்து கேட்டது அன்றுதான். கேட்டுவிட்டுத் தம்மைத் தாமே வியந்து, கொம்புக்கு முத்தங்கொடுத்தாரென்பர். தம்பி வில்லின் முடிவு துயரமானது. முதலாவது உலகப் போரின் இறுதி மாதங்களில், 1918 ஒக்டோபரிலே, பிரான்சின் போர்முனைக்குச் சென்று நச்சுப்புகைக் குண்டு எறியும் பீரங்கிகளின் ஓசையைப் பதிந்து வந்தார். திரும்பியவர் சில வாரங்களுக்குள், உலகெங்கும் பரவிய விஷக்காய்ச்சலிலே இறந்தார். போரின் ஓசையும் தட்டாகி விற்பனைக்கு வந்தது.

1925 இலே மின்சார ஒலிப்பதிவு வந்தது. கொம்பு போய் ஒலிவாங்கி வந்தது. இனிப் பாடகனை இழுக்கவும் தள்ளவும் வேண்டியதில்லை. பியானோ மேடையிலிருந்து இறங்கிற்று. தமிழிசைக்கு இதனால் விளைந்த நன்மைக்கு ஒரு சான்று போதும்: வீணை தனம்மாளின் விரல்நுனி மென்மை 1930களிலே தட்டேறியது. கொம்பின் காலத்திலே அந்த வீணை ஊமையாகவே இருந்திருக்கும். கைஸ்பேர்க்கோ இப்போது ஐம்பது வயதைத் தாண்டியவர். புதிய மின்பொறிகளை இளைய பொறியியலாளர் கையிலே விட்டுவிட்டு, எந்தக் கலைஞரை எந்த இசையிற் பதிவது என்று தெரிந்தெடுக்கும் பொறுப்பிலே அவர் நின்றார். தம் வேலை ஒலியாலே நிழற்படம் பிடிப்பதென்று அவர் கருதினார். இருந்ததை இருந்தபடி பிடிக்கவேண்டும். திருத்தி அழகு செய்வது தம் தொழிலன்று. பின்வந்த தயாரிப்பாளர் பலர் இக்கொள்கையை எள்ளினர். அவர்களுடைய தட்டுகள் மெருகிலே சிறந்தவைதாம்.

1931 நவம்பரிலே இலண்டன் அபே வீதியிலே பெரிய ஒலிப்பதிவு நிலையம் திறக்கப்பட்டது. முதல்நாள் இசைக்குழுவை நடத்தியவர் எட்வேட் எல்கார். அடுத்த ஆண்டிலே எழுபத்தைந்து வயதான எல்காரையும் பதினாறு வயது யெகுதி மெனுகினையும் ஒரே மேடையிற் சேர்த்து, எல்காரின் வயலின் இசைக்கோவையைப் பதியச் செய்தது கைஸ்பேர்க்கின் எண்ணம். 1934 ஜனவரியில் எல்கார் வூஸ்ரர் நகரிலே மரணப் படுக்கையிற் கிடந்தார். இலண்டனிலிருந்து தொலைபேசிக் கம்பி இழுத்து, இசைக்குழு வாசிப்பதை அவர் படுக்கையிலிருந்தே கேட்டுத் திருத்தஞ் சொல்ல வழிசெய்தார்கள். ஒரு மாதங் கழித்து அவர் இறந்தார்.

கைஸ்பேர்க்கின் பதிவுகளிலே மனத்தை மிகவும் உலுக்குவது 1938 ஜனவரி 16 ஆந் திகதிய வியன்னாப் பதிவு. மாலரின் ஒன்பதாவது சிம்பனியைப் புரூனோ வால்டர் நடத்தினார். யூதராகிய மாலரின் இசை. யூதராகிய வால்டரின் கோல். முதல் வயலின் வாசித்த ஆர்னோல்ட் ரோஸேயும் யூதரே. அவையோர் இருமும் ஓசையோடேயே அரங்கிலே நேரே பதியப்பட்டது. இருபது பக்கங்கள், பத்துத் தட்டுகள். எட்டு வாரத்தில், மார்ச் மாதத்திலே, ஹிட்லரின் படை ஒஸ்திரியாவுள் நுழைந்தது. வால்டர் நாடிழந்தார். ரோஸே இலண்டனில் அகதியாய் இறந்தார். அந்த அரங்கு, அந்தக் கூட்டம், அந்த வாசிப்பு மீண்டும் அப்படியே கூடவில்லை. தட்டு மட்டும் நின்றது.

இதைச் சொல்லும்போது வன்னியை நினையாதிருக்க முடியவில்லை. 2008 இலும் 2009 இலும் கிளிநொச்சி, முல்லைத்தீவு மக்கள் ஊர் ஊராக இடம்பெயர்ந்தபோது, பழைய ஒலிநாடாப் பெட்டியையா தூக்கிச் செல்வார்கள்? குழந்தையைத் தூக்கினார்கள், அரிசியைத் தூக்கினார்கள். திருமண வீட்டிலே பதிந்த நாதசுரமும், கோயிற் கூத்தின் நாடாவும், பாட்டனார் பாடிய தாலாட்டும் மழையிலும் நெருப்பிலும் போயின. இன்று கையடக்கத் தொலைபேசியை நீட்டினால் ஒரு முழு இரவுக் கூத்தும் அதற்குள் அடங்கும்; பாரக்கல்லும் மெழுகும் வேண்டியதில்லை. அண்ணாவியார் பாட, அவர் எப்போது குரலெடுப்பார் என்று அறிந்து பிடிக்கும் செவியுடையவர் அருகில் இருக்கவேண்டும் என்பது மட்டும் 1902 இலிருந்து மாறவில்லை.

கைஸ்பேர்க் 1939 இலே ஓய்வு பெற்றார். 1942 இலே தம் நினைவு நூலை வெளியிட்டார். 1951 செப்டெம்பர் 2 ஆந் திகதி இலண்டனிலே காலமானார். அப்போது அமெரிக்காவிலே, பக்கமொன்றுக்கு இருபது நிமிடத்துக்கு மேல் ஓடும் நெடுந்தட்டு விற்பனைக்கு வந்து மூன்றாண்டு ஆகியிருந்தது. மெழுகை ஒதுக்கிவிட்டுக் காந்த நாடா வந்துகொண்டிருந்தது. அவர் வாழ்நாள் முழுவதும் உழைத்த கொம்பனி தன் முதல் நெடுந்தட்டுகளை வெளியிட்டது 1952 ஒக்டோபரிலே.